பெரியம்மா வீட்டுப் பாய்லரும் ஐந்து வால்வுகளும்

"டீச்சர், வீட்டைச் சூடாக்க ஒரு மெஷினா?" என்று என் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. லோபாக்கில் மத்தியான வேளையில் வாசல் சிமெண்டின் மேல் வெறுங்காலை வைக்க முடியாது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் வியர்வை துடைக்கிற நமக்கு, காசு கொடுத்துச் சூடு வாங்குவது வேடிக்கையாகத்தான் தோன்றும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் இலண்டனுக்கும் டப்ளினுக்கும் படிக்கப் போய், அங்கேயே வேலை தேடிக்கொண்டு, வீடும் வாங்கிவிடுகிற காலம் இது. அங்கிருந்து ஒருநாள், "அம்மா, பாய்லர் போய்விட்டது. புதுசு போடும்போது வால்வும் சேர்த்து மாற்றலாமா என்று கேட்கிறார்கள்" என்று தொலைபேசி வந்தால் நாம் என்ன பதில் சொல்வோம்? எனக்கு அப்படியொரு அனுபவம் நேரிலேயே கிடைத்தது.

என் பெரியம்மா 1973-ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதில், தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்துக்குப் போனவர். அந்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் மருத்துவமனைகளுக்கு ஆள் போதவில்லை. மலேசியாவிலிருந்து பல பெண்கள் அப்படிப் புறப்பட்டார்கள். தோட்டத்து லயத்திலிருந்து புறப்பட்ட பெண்களும் அவர்களில் உண்டு. பெரியம்மா போய்ச் சேர்ந்த முதல் குளிர்காலமே பொல்லாத காலம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தகராறினால் 1974 ஜனவரி முதல் மார்ச் முதல் வாரம் வரை அங்கே தொழிற்கூடங்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம். பிறகு அவர் வாடகைக்கு இருந்த அறையில் காசு போட்டால் எரியும் கேஸ் கணப்பு ஒன்று இருந்ததாம். காசு தீர்ந்ததும் அணைந்துவிடும். "அன்னிக்கு வந்த பயம் பாப்பா, இன்னும் போகலே" என்பார். சூடு என்றாலே அவருக்குக் காசுதான் ஞாபகம் வரும்.

2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பள்ளி ஆண்டிறுதி விடுமுறையில், அவரைப் பார்க்க இலண்டன் போயிருந்தேன். கிழக்கு இலண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில், நூறாண்டுக்கு மேற்பட்ட வரிசை வீடுகளில் ஒன்று அவருடையது. தெருக்கோடியில் தமிழ்க் கடை, மளிகைக் கடையில் முருங்கைக்காய், சற்றுத் தூரத்தில் முருகன் கோவில். கணவர் காலமானபின் அவ்வீட்டில் பெரியம்மா தனியாக இருக்கிறார். மகனுக்கு மான்செஸ்டரில் வேலை.

அந்த ஊர் வீடு எப்படிச் சூடாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைச் சுவரில் ஒரு கேஸ் பாய்லர் மாட்டியிருக்கும். அது தண்ணீரைச் சுடவைத்துக் குழாய் வழியே வீடு முழுக்கச் சுற்றிவரச் செய்யும். ஒவ்வோர் அறையிலும் சன்னலுக்குக் கீழே ஓர் இரும்புத் தகட்டுப் பெட்டி. அதன் பெயர் ரேடியேட்டர். நம் காரில் இருப்பது எஞ்சினைக் குளிரவைக்கிறது, இது ஆளைச் சூடாக்குகிறது. மற்றபடி இரண்டும் சுடுதண்ணீர் ஓடி வெப்பத்தை வெளியே விடுகிற பாத்திரங்கள்தாம். பெரியம்மா வீட்டில் மொத்தம் ஏழு. நடைவழியில் ஒன்று, முன்னறை, சாப்பாட்டறை, சமையலறை, குளியலறை, மேலே முன்பக்கப் படுக்கையறை, பின்பக்கப் படுக்கையறை. பாய்லர் எப்போது எரிய வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க நடைவழிச் சுவரில் ஒரே ஒரு தெர்மோஸ்டாட்.

போன முதல் இரவே எனக்குத் திகைப்பாக இருந்தது. முன்னறையில் உட்கார முடியவில்லை, அவ்வளவு புழுக்கம். பெரியம்மா எழுந்து சன்னலைத் திறந்தார்! வெளியே பனி, உள்ளே காசு போட்டு வாங்கிய சூடு சன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது. மேலே பின்பக்கப் படுக்கையறையோ ஐஸ் பெட்டி. வெளிச்சுவரின் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியிருந்தது. அந்த அறையைத்தான் எனக்கு ஒதுக்குவதாக இருந்தவர், கடைசி நேரத்தில் வெட்கப்பட்டு, தம் படுக்கையை எனக்குத் தந்துவிட்டு முன்னறைச் சோபாவில் படுத்துக்கொண்டார். முந்திய இரண்டு குளிர்காலத்திலும் அவருக்கு மார்ச்சளி வந்து மருந்தில் கிடந்தார் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் கடைத்தெருவில் ஒரு சிறு வெப்பமானி வாங்கி அறைக்கு அறை மாட்டிப் பார்த்தேன். ஆசிரியர் புத்தி! முன்னறையில் 25 பாகை. பின்னறையில் 12. ஒரே வீடு, ஒரே பாய்லர், ஒரே பில்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பாய்லர் நின்றுவிட்டது. 2004-இல் மாட்டியது. உதிரிப் பாகம் கிடைக்காது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்றார்கள்.

அதோடு ஆளுக்கொரு யோசனை கிளம்பியது. முதலில் வந்து பார்த்த ஒரு நிறுவனத்துக்காரர் ஏழு ரேடியேட்டருக்கும் தெர்மோஸ்டாட் வால்வு போடவேண்டும் என்று ஒரு பட்டியல் நீட்டினார். மகன், "கைப்பேசியில் இயக்குகிற மின்னணு வால்வாகவே போடுங்கள், நான் இங்கிருந்தே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெரியவர், "ஏன் அக்கா வீண் செலவு? ஒரு அறையை மூடவேணுமெண்டால் கையாலயே திருகி மூடலாந்தானே" என்றார். பெரியம்மாவுக்கு அந்தக் கடைசி யோசனைதான் பிடித்திருந்தது. இருக்காதா? 2021 அக்டோபரில் அங்கே ஒரு சராசரி வீட்டின் எரிவாயு, மின்சாரச் செலவுக்கு ஆண்டுக்கு 1,277 பவுண்டு என்றிருந்த உச்ச அளவு, 2022 ஏப்ரலில் 1,971 பவுண்டாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அரசாங்கமே குறுக்கிட்டு 2,500 பவுண்டில் தடுத்து நிறுத்த வேண்டியதாயிற்று. ஓய்வூதியத்தில் வாழ்கிற ஒரு மூதாட்டி பயப்படாமல் என்ன செய்வார்?

இந்த வால்வு என்ன வேலை செய்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் நுழைகிற வாயில், கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குமிழ்த்தலை. அதற்குள்ளே சிறு கூட்டில் மெழுகோ திரவமோ அடைத்திருக்கும். அறை சூடாகச் சூடாக அது விரிந்து ஓர் ஊசியை உள்ளே தள்ளும். ஊசி தண்ணீர் வரும் வழியை அடைக்கும். அறை குளிர்ந்தால் சுருங்கும். சுருள்வில் ஊசியைப் பின்னுக்குத் தள்ள, தண்ணீர் மறுபடி ஓடும். கம்பி இல்லை, பேட்டரி இல்லை. வெப்பத்தால் பொருள்கள் விரியும் என்று நாம் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோமே, அதைத் தவிர வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை. டென்மார்க்கில் டான்ஃபோஸ் நிறுவனத்தைத் தொடங்கிய மேட்ஸ் கிளாவ்சன் 1943-இல் இதை உருவாக்கினார். நம் காரின் எஞ்சினிலும் இதே மாதிரி மெழுகு வைத்த தெர்மோஸ்டாட் உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் சிலர், "இந்த நாட்டுச் சூட்டுக்கு இது எதுக்குக்கா" என்று அதைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். அது வேறு கதை.

குமிழின் மேல் 1 முதல் 5 வரை எண் போட்டிருக்கும். 3-இல் வைத்தால் அறை ஏறத்தாழ 20 பாகையில் நிற்கும். இங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். இது தண்ணீர்க் குழாய் அல்ல. 5-இல் வைத்தால் அறை சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பது, ஏர்கோனை 16-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நாம் நினைப்பது போலத்தான். எங்கே நிற்கவேண்டும் என்பதை மட்டுமே அந்த எண் சொல்கிறது.

எனக்கு என் தாத்தா ஞாபகம் வந்தது. சிரம்பானுக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் புகை வீட்டுக்காரர். தோட்டத்தில் எல்லாரும் அதை ஸ்மோக்கவுஸ் என்றே சொல்வார்கள். உருட்டி எடுத்த ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் தொங்கவிட்டு, ரப்பர் விறகு எரித்து, மூன்று நான்கு நாள் புகையில் உலர்த்துகிற வேலை. அடுப்பு ஒன்றுதான், ஆனால் அன்று ஏற்றிய ஈர ஷீட்டுக்கு ஒரு சூடு, நாலாம் நாள் ஷீட்டுக்கு வேறு சூடு. நாற்பது பாகையில் தொடங்கி அறுபதுவரை மெல்ல மெல்ல ஏற்றவேண்டும். ஈர ஷீட்டுக்கு எடுத்த எடுப்பில் சூடு கூடினால் கொப்புளம் கிளம்பிவிடும். சூடு குறைந்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். இரண்டிலும் தரம் இறங்கும், துரை ஏசுவார். தாத்தா இரவில் எழுந்து போய் வெப்பமானியைப் பார்த்து, காற்றுவழிப் பலகையை ஓர் அங்குலம் திறப்பார், ஓர் அங்குலம் மூடுவார். அந்தப் பலகையும் தாத்தாவும் சேர்ந்து செய்த வேலையை இந்தக் குமிழ் தூங்காமல் செய்கிறது.

பெரியம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. தாத்தாவுக்கு இராத்திரி காப்பி கொண்டுபோனவர் அவர்தானே! "ஆனா பாப்பா, பலகையை எவ்வளவு திறந்தாலும் அடுப்பிலே நெருப்பு இல்லேன்னா சூடு வராது" என்றார். விஷயத்தின் முடிச்சை அவரே அவிழ்த்துவிட்டார். தெர்மோஸ்டாட் வால்வுக்குச் சூட்டைத் தடுக்கத்தான் தெரியும், கூட்டத் தெரியாது. புழுங்குகிற முன்னறைக்கு அது மருந்து. உறைந்து கிடக்கிற பின்னறைக்கு அது மட்டும் மருந்தாகாது.

பின்னறை ஏன் அப்படிக் கிடந்தது? இரண்டாவதாக வந்த பைப்காரர் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார். அங்கே பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். கேஸ் சேஃப் பதிவேட்டில் பெயர் உள்ளவர். அந்தப் பதிவு இல்லாதவர் கூலிக்குக் கேஸ் பாய்லரைத் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். அவர் முதலில் பாய்லரைப் பார்க்கவில்லை. பின்னறைக்குப் போய் ரேடியேட்டரின் கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். அது மூடியிருந்தது. இரண்டு வருடமாக மிச்சம் பிடிப்பதற்காகப் பெரியம்மாவே மூடி வைத்திருக்கிறார்! அந்த அறை சமையலறைக்கு மேலே பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது, மூன்று பக்கமும் வெளிச்சுவர். சமையல் ஆவியும் குளியல் ஆவியும் மாடிப்படி ஏறிப்போய் அந்தக் குளிர்ந்த சுவரில் நீராய்ப் படிந்தன. ஐஸ் மைலோ கிளாஸின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அதுபோல. ஈரம் இருந்த இடத்தில் பூஞ்சணம் வந்தது. பூஞ்சணம் வந்த வீட்டில் மார்ச்சளி வந்தது. அவர் மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

மூடிய கைப்பிடியைத் திறந்தால் மட்டும் போதாது என்றார் அந்த இளைஞர். பாய்லருக்கு அருகில் உள்ள ரேடியேட்டர்கள் தண்ணீரை முதலில் குடித்துவிடும்; கடைசியில் இருப்பதற்கு மிச்சம்தான் வரும். நம் லயத்தில் முதல் வீட்டுக்காரர் குழாயைத் திறந்தால் கடைசி வீட்டுக்குச் சொட்டுகிற கதைதான். இதற்கு ஒவ்வொரு ரேடியேட்டரின் மறுமுனையிலும் ஒரு மூடிக்குக் கீழே இன்னொரு வால்வு இருக்கிறது. அதை ஒருமுறை அளவாகத் திருகி எல்லா அறைக்கும் பங்கு பிரித்துவிட வேண்டும். புதிய வால்வு வாங்கியும் இந்தப் பங்கீட்டைச் செய்யாமல் விட்டால் பாதி வேலைதான் ஆகும். செலவு, ஆளின் பொறுமை மட்டுமே.

சரி, வால்வு வேண்டுமா வேண்டாமா? இங்கிலாந்தில் 2022 ஜூன் 15 முதல் நடைமுறைக்கு வந்த கட்டட விதிகளே, பாய்லரை மாற்றும்போது, செய்யக் கூடியதும் செலவுக்குத் தகுந்ததுமாக இருந்தால் அறைக்கு அறை சூட்டைத் தானே சீராக்கும் கருவி பொருத்தவேண்டும் என்கின்றன. விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் இன்னொரு நியாயம் இருந்தது. பாய்லரை மாற்றும்போது குழாய்களிலிருந்து பழைய தண்ணீரை இறக்கிக் கழுவியாக வேண்டும். எங்கள் கண்முன்னே இறக்கினார். மை போலக் கறுப்பாக வந்தது. ரேடியேட்டரின் இரும்பு உள்ளுக்குள்ளே அரித்த சேறு அது. எப்படியும் தண்ணீர் இறங்கிக் கிடக்கிற அன்றைக்கே வால்வையும் மாட்டினால் வேலை சில மணி நேரம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், மறுபடி இறக்கி, மறுபடி நிரப்பி, மறுபடி கூலி.

ஆனால் ஏழுக்கும் வேண்டாம் என்றார். தெர்மோஸ்டாட் இருக்கிற நடைவழி ரேடியேட்டரில் இந்த வால்வு கூடாது. இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடும்: சுவரில் உள்ளது 'இன்னும் குளிர்கிறது' என்று பாய்லரை எரிக்கச் சொல்லும், வால்வு 'போதும்' என்று தண்ணீரைத் தடுக்கும், பாய்லர் நிற்காமல் எரிந்துகொண்டிருக்கும். எல்லா வால்வும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் தண்ணீர் சுற்றிவர ஒரு வழி வேண்டும் என்பதால் குளியலறையையும் திறந்தே விடச் சொன்னார். மீதி ஐந்து. வேலைக்கூலியோடு 300 பவுண்டுக்குள் அடங்கியது. அப்போது ஒரு பவுண்டு ஏறத்தாழ ஐந்தரை வெள்ளி. "எத்தனை வருஷத்திலே இந்தக் காசு திரும்பும் தம்பி?" என்று பெரியம்மா விடாமல் கேட்டார். "நீங்க சன்னலைத் திறக்கிறதை நிறுத்தினா சீக்கிரம் வரும் ஆண்ட்டி" என்றார் அவர். விற்பனைக்காரர் யாரும் இப்படிப் பேசமாட்டார். எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

மகன் சொன்ன கைப்பேசி வால்வை நாங்கள் எடுக்கவில்லை. அது கெட்ட பொருள் அல்ல. ஆனால் பேட்டரி தீர்ந்தால் மாற்ற யார் வருவார்? மான்செஸ்டரிலிருந்து ஒருவர் அம்மாவின் அறையைக் குளிரவைப்பதும் சூடாக்குவதும் எனக்கு ஏனோ மனத்துக்கு ஒப்பவில்லை. மூட்டுவலி கண்ட விரல்களுக்குப் பிடிக்க வசதியாக, எண் பெரிதாகப் பொறித்த சாதாரண வால்வே போதும் என்று முடிவு செய்தோம்.

போவதற்குமுன் அந்த இளைஞர் செய்த இன்னொரு காரியம் எங்களுக்கு ஒரு காசும் செலவு வைக்கவில்லை. புதிய பாய்லர் ரேடியேட்டருக்கு அனுப்பும் தண்ணீரின் சூடு தொழிற்சாலையிலிருந்து வந்தபடி 75 பாகையில் இருந்தது. அதை 60-க்கு இறக்கினார். இங்கிலாந்தில் 2005 ஏப்ரல் முதல் மாட்டுகிற பாய்லர்கள், பெரும்பாலும், புகையோடு போகும் நீராவியைத் திரும்பத் தண்ணீராக்கி அதன் சூட்டையும் பிடித்துக்கொள்கிறவை. நீராவி தண்ணீராகும்போது எவ்வளவு சூட்டை விடும் என்பது இட்லிக் கொப்பரையைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 பாகைக்குக் கீழே இருந்தால்தான் அந்த ஆவி படியும். மிகச் சூடாக அனுப்பினால் சூடாகவே திரும்பி வரும். விலை கொடுத்து வாங்கிய புதுப் பாய்லர் பழையதைப் போலப் புகையில் காசை விடும். பெரியம்மா வீட்டில் குளிக்கும் தண்ணீரை அதே பாய்லர் அவ்வப்போது தனியாகச் சுடவைப்பதால் இப்படி இறக்க முடிந்தது. சுடுதண்ணீரைத் தொட்டியில் சேமித்து வைக்கிற வீடுகளில் கிருமி வளராதிருக்கத் தொட்டித் தண்ணீர் 60 பாகை இருக்க வேண்டும். அங்கே ஆளைக் கேட்காமல் கை வைக்கக்கூடாது.

எல்லாம் முடிந்த இரவில்தான் உண்மையான சண்டை. நான் பின்னறை வால்வை 3-இல் வைத்தேன். பெரியம்மா வந்து 1-க்குத் திருப்பினார். நான் மறுபடி 3. அவர் மறுபடி 1. "யாரும் படுக்காத ரூமுக்கு எதுக்குச் சூடு? காசு கொட்டிக் கிடக்கா?" என்றார். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுநல வழிகாட்டியில் குளிர்நாடுகளில் வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்கவேண்டும் என்று சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். நாற்பதாண்டு தாதியாக இருந்தவருக்கு அது தெரியாதா? நோயாளிகளின் பிள்ளைகளிடம் அதைத் தாமே சொல்லியிருப்பார். தமக்கென்று வரும்போது காசு போட்டால் எரியும் அந்தக் கணப்பு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. கடைசியில் நான், "அப்படியானால் நான் இந்த அறையில்தான் படுப்பேன்" என்று பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். விருந்தாளி குளிரில் படுக்கிறாள் என்றால் அவர் மனம் தாங்குமா? அன்றிரவு வால்வு 3-இல் நின்றது. காலையில் வெப்பமானி 19 காட்டியது. முன்னறையில் 20, சன்னல் மூடியிருந்தது. நீளத் திரைச்சீலை முன்னறைக் குமிழை மூடிக்கொண்டிருந்ததால், துணிக்குள் தேங்கிய சூட்டை அறையின் சூடு என்று நினைத்து வால்வு முன்னதாகவே மூடிக்கொண்டதைக் கவனித்துத் திரையை ஊசி நூலால் மேலே மடித்துத் தைத்தேன்.

பில் எவ்வளவு குறைந்தது என்று தோழிகள் கேட்கிறார்கள். பாய்லர், வால்வு, பங்கீடு, 60 பாகை எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டு, இன்னது இவ்வளவு மிச்சம் பிடித்தது என்று பிரித்துச் சொன்னால் அது பொய்யாகிவிடும். பெரியம்மா இப்போது தம் படுக்கையறையில் தூங்குகிறார், பின்னறைச் சுவரைச் சுரண்டி வெள்ளையடித்தாயிற்று என்பது வரைதான் எனக்குக் கணக்கு.

இந்த வால்வுகளைக் கோடையில் 5-இல் திறந்தே வைக்கவேண்டும், மாதக்கணக்கில் மூடிக் கிடந்தால் ஊசி ஒட்டிக்கொள்ளும் என்று அந்த இளைஞர் சொல்லியிருந்தார். பெரியம்மா கேட்பாரா? 2025 அக்டோபரில் குளிர் தொடங்கியதும் எனக்கு அழைப்பு வந்தது. சாப்பாட்டறை ரேடியேட்டர் மட்டும் சூடாகவில்லையாம். "குமிழைக் கழற்றுங்கள் பெரியம்மா, உள்ளே சின்ன ஊசி தெரியும், மெதுவாகத் தட்டுங்கள், பிடித்து இழுத்துவிடாதீர்கள்" என்றேன். லோபாக்கில் அப்போது நல்ல வெயில். தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, ஏழாயிரம் மைலுக்கு அப்பால் அவர் பூரிக்கட்டையால் தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டொக், டொக். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "ஊசி மேலே வந்துடுச்சு பாப்பா" என்றார், "தண்ணி ஓடுது."